புல்லில் காலடி மண் எடுக்க முடியாது

1

கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் ஊரில் நகராட்சி என்கிறோமே, இங்கே அதற்குப் பெயர் கவுன்சில். 'அன்புள்ள குடியிருப்பாளரே' என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள நேச்சர் ஸ்டிரிப்பில் புல் அளவு மீறி வளர்ந்திருப்பதை எங்கள் அலுவலர் கவனித்தார் என்று போய், தாங்கள் சிரமம் பாராமல் வெட்டிவிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று முடித்திருந்தார்கள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் மிரட்டியதில்லை.

நடைபாதைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் விட்டிருப்பார்கள். அதுதான் நேச்சர் ஸ்டிரிப். நிலம் கவுன்சிலுடையது. அதில் ஆசைக்கு ஒரு முருங்கைக் குச்சி ஊன்றினால் அதற்கும் கடிதம் வரும். ஆனால் அதில் முளைக்கிற புல் மட்டும் என் பாடு. விருத்தாசலத்தில் பாலக்கரைப் பக்கம் இப்படி ஒரு கடிதம் போயிருந்தால், வெட்டிய புல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நகராட்சி வாசலிலேயே கொட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

மெல்பர்னுக்கு வெளியே, ரயில் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் வீடு. பெண்ணாடத்தில் பிறந்து, விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவள் நான். வீடு சின்னது, சுற்றியுள்ள வெற்றிடம், இங்கே யார்டு என்பார்கள், அது பெரியது. முன்னால் புல், பின்னால் புல், ஆள் ஒருக்களித்துப் போகிற பக்கத்துச் சந்தில்கூடப் புல். வீடு வாங்கிய புதிதில் இந்தப் பச்சையைப் போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். வசந்தத்தில் ஒரு மழைக்கு ஒரே வாரத்தில் கணுக்காலைத் தாண்டிவிடும் என்று அப்போது தெரியாது. இங்கே வசந்தம் நம் ஐப்பசியில் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் வந்த அன்று பாத்திரம் கழுவாமல் கிடந்தது. துணி, மெஷினில் சுற்றி முடிந்து, எடுத்து உலர்த்த ஆளில்லாமல் நாறிக்கொண்டிருந்தது. என் மகன் இனியன், பதினோரு மாதம், பின்பக்கப் புல்வெளியின் நடுவில் போர்வைமேல் உட்கார்ந்து தன் சாக்ஸை உருவித் தின்றுகொண்டிருந்தான்.

அந்தப் போர்வை என் கண்டுபிடிப்பு. இனியனுக்குப் புல் ஆகாது. அலர்ஜி எல்லாம் இல்லை, பிடிக்காது, அவ்வளவுதான். புல்மேல் இறக்கினால் இரண்டு காலையும் மடக்கி மேலே தூக்கிக்கொண்டு என் கையில் தொங்குவான். ஆகவே நடுப்புல்லில் போர்வையை விரித்து உட்கார வைத்துவிட்டால் நான்கு பக்கமும் வேலி போட்ட மாதிரி. தாண்ட மாட்டான். நான் சுற்றிலும் களை பிடுங்கலாம், சருகு வாரலாம், வாரியதைப் பச்சை மூடித் தொட்டியில் திணிக்கலாம். இங்கே குப்பைத் தொட்டிகளுக்கு மூடியின் நிறத்தில்தான் சாதி. புல்லைச் சிவப்பு மூடியில் போட்டால் அதற்கும் ஒரு 'அன்புள்ள குடியிருப்பாளரே' உண்டு. எப்படியோ, அவன் கண்ணில் நான், என் கண்ணில் அவன். யார்டு வேலையும் நடக்கிறது, பிள்ளையும் வளர்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

2

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் பொறாமை வந்தது என் வீட்டுக்காரர் மேல்தான்.

சனிக்கிழமை காலையில் டீ குடித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு கடமையுணர்ச்சி வந்துவிடும். "யார்டு வேல கெடக்குது சுதா" என்பார். புல் வெட்டும் மோவரின் சத்தம் காதைக் கெடுக்காமல் இருக்க, இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்வார். அதை மாட்டிவிட்டால் மோவர் சத்தம் மட்டுமா கேட்காது? பிள்ளை அழுவது, நான் கத்துவது, காலிங் பெல் எதுவுமே கேட்காது. முன்னும் பின்னுமாக நடப்பார். முனையில் திரும்பும்போது பாட்டுப் பாடுவார், வாய் அசைவது தெரியும். நான் இடுப்பில் பிள்ளையும் கையில் கரண்டியுமாகச் சமையலறை ஜன்னலில் நின்று அந்த வாயையே பார்ப்பேன். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தனிமை கிடைக்கலாமா? அதுவும் வேலை என்ற பேரில் கிடைக்கலாமா?

ஒரு வாரம் கேட்டேவிட்டேன். "இன்னிக்கி நான் வெட்டுறேன். நீங்க புள்ளயப் பாருங்க."

"ஒனக்கு வராது. கயிறப் புடிச்சி ஒரே இழுப்பா இழுக்கணும்."

"கரும்பு டிராக்டர் ஓட்டுற வூட்டுல பொறந்தவ நான். எனக்கா கயிறு இழுக்க வராது?"

வரத்தான் இல்லை. நாலைந்து தடவை இழுத்து, தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆன பிறகு அது உறுமியது. கிண்ணங்களை மாட்டிக்கொண்டேன். உலகமே வாயை மூடிக்கொண்டது. யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் என் தோளில் எச்சில் வடிக்கவில்லை. போனேன், திரும்பினேன், போனேன். நானும் பாடினேன். இவ்வளவு நாளாக இந்த மனுஷன் இந்தச் சுகத்தைக் கடமை என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

மூன்றாவது முறை திரும்பியபோது ஜன்னலில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். அவர் தலையில் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஏதோ செய்ய, இனியன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் அவன் இப்படிச் சிரித்ததே இல்லை. மோவரை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் இருந்தால் மோவர்மேல் பொறாமை, மோவர் கையில் இருந்தால் வீட்டின்மேல் பொறாமை. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் நான் மேற்கொண்டு சொல்லப்போவதைப் படிக்க வேண்டும்.

3

விருத்தாசலத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பீங்கான் யூனிட் இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளையார் செய்கிறோம். என் கொழுந்தனார், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, பார்த்துக்கொள்கிறார். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, சூளைக்குப் போகும் முன் வெளியே காய வைப்பார்கள். அந்தத் திறந்தவெளிக்கு அங்கே பேர் யார்டு. ஆமாம், அதே வார்த்தைதான். "யார்டுல பலக இருக்குது, மழ வருது!" என்று ஒரு குரல் வந்தால் அத்தனை பேரும் ஓடுவார்கள். இவர் முதலில் இங்கே வந்துவிட, நான் விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் அந்த யார்டில் பலகை திருப்பியிருக்கிறேன். வெயில் படுகிற பக்கம் முதலில் காய்ந்துவிட்டால் பிள்ளையார் காதோரம் விரிசல் விடுவார். பதம் பார்த்துத் திருப்ப வேண்டும்.

இப்போது அந்த வேலை தமிழரசியுடையது. கொழுந்தனாரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. அவளுக்கும் ஒரு பையன், கவின். இனியனைவிட இரண்டு வாரம் இளையவன். ஆக, அவளுக்கும் யார்டு, எனக்கும் யார்டு. அவளுக்கும் பிள்ளை, எனக்கும் பிள்ளை. தினமும் எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, அவளுக்குக் காலை டீ நேரத்தில், வீடியோவில் பேசுவோம்.

"என்னாக்கா, இன்னிக்கி என்னா கொழம்பு?"

"நேத்து வச்சதுதான். சூடு பண்ணக்கூட நேரமில்ல."

வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் இருட்டும்வரை நான் தமிழில் பேசுகிற ஒரே பெரிய ஆள் அவள்தான். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பகலை ஓட்டினேன் என்றுகூடச் சொல்வேன். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அவள் முகத்துக்குப் பின்னால் தெரிவதைப் பார்த்தால் எரியும்.

பின்னால் என்ன தெரியும்? யூனிட்டில் வேலை பார்க்கிற பெண்கள் தெரிவார்கள். கவின் ஒருத்தி இடுப்பில் இருப்பான், கண் மூடித் திறப்பதற்குள் இன்னொருத்தி இடுப்பில் இருப்பான். பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிற அஞ்சலையக்கா ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டே மறு கையால் வேலை பார்ப்பார், வாயும் ஓயாது. தமிழரசி என்னோடு பேசிக்கொண்டே டீ குடிப்பாள். டம்ளரிலிருந்து ஆவி வருவது போனில் தெரியும். நான் ஆவி பறக்கிற டீயைக் குடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. அவள் புடவைமேல்கூட எனக்குப் பொறாமை வரவில்லை. அந்த ஆவிமேல் வந்தது.

4

இங்கே குழந்தைகளைப் பார்க்க ஒரு நர்ஸ் இருக்கிறார். கவுன்சில்தான் ஏற்பாடு. புல்லையும் பிள்ளையையும் ஒரே அலுவலகம் அளந்து பார்க்கிறது.

"டம்மி கொடுக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். எனக்கு டம்மி என்றால் போலி. பால் பவுடரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "இல்லை, எல்லாம் ஒரிஜினல்தான்" என்றேன். டம்மி என்றால் இங்கே குழந்தை வாயில் வைக்கிற ரப்பர் சூப்பானாம். நர்ஸ் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறானா? இல்லை. தவழ்கிறானா? உட்கார்ந்தபடியே நகர்வான், அதுவும் வீட்டுக்குள் மட்டும். "ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு நேரம், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ நீளமாகத் தட்டினார். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதைத் தட்ட அவ்வளவு நேரமா ஆகும்?

அந்த வாரம்தான் இனியன் பேச ஆரம்பித்தான். ஸ்பூனைக் கையில் கொடுத்தேன், "தா" என்றான். தமிழில் கேட்கிறான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன். "தா." ரிமோட் கொடுத்தேன். "தா." வெங்காயம் கொடுத்தேன். "தா." சமையலறையில் பாதி அவன் மடியில் சேர்ந்துவிட்டது. உடனே தமிழரசியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எவ்வளோ தெளிவா கேக்குறான்க்கா! இவன் எங்க கேக்குறான், புடுங்கிட்டுப் போறான்" என்றாள். அன்றைக்கு எனக்கு ஏழடி உயரம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜூடித் வேலிக்கு மேலே கையை நீட்டி இனியனிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு "டா" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு "தா" என்றான். இங்கே குழந்தைகளுக்கு நன்றி சொல்லச் சொல்லித் தருகிற வார்த்தையாம் அது. இரண்டு பல் வாயில் டா, தா ஆகியிருக்கிறது. நான் கொடுக்கக் கொடுக்க அவன் ஆஸ்திரேலியக்காரனாக நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பதினோரு மாதத்திலேயே எனக்கும் அவனுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. தமிழரசியிடம் நான் இதைத் திருத்திச் சொல்லவில்லை.

5

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. தமிழரசி "அக்கா, அக்கா, இங்க பாருங்க" என்று கத்திக்கொண்டே போனைத் திருப்பினாள்.

கவின் பலகை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே அஞ்சலையக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னும் சூளையில் சுடாத ஒரு பச்சைப் பிள்ளையாரைக் கையில் ஆட்டிக் காட்டினார். பையன் பலகையை விட்டான். ஒரு காலை வைத்தான். அடுத்ததை வைத்தான். யார்டு முழுக்க வெள்ளை மண் தூசி. குட்டிப் பாதங்கள் ஒவ்வொன்றாக அதில் பதிய, நடந்து போய்ப் பிள்ளையாரின் தும்பிக்கையைப் பிடித்து ஒடித்தான். அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள்.

நானும் கை தட்டினேன். "என் ராஜா" என்றேன். வாய்தான் சொன்னது. வயிற்றுக்குள் யாரோ மிளகாயைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் என் பிள்ளை போர்வைமேல் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறான். இரண்டு வாரம் இளையவன் நடக்கிறான்!

"நடவண்டி குடுத்துப் பழக்குனியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, தானா நடந்தான்."

அந்த 'தானா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இவ்வளோ சீக்கிரம் நடந்தா காலு வளையும்பாங்க. பாத்துக்க" என்று சொன்னேன். எங்கே கேட்டேன், யார் சொன்னார்கள், எனக்கே தெரியாது. தமிழரசி சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "சரிக்கா" என்றாள்.

அவள் அனுப்பிய வீடியோவை அன்று எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அன்பாகப் பார்க்கவில்லை. எங்கேயாவது யாராவது பின்னாலிருந்து பிடித்திருக்கிறார்களா என்று பார்த்தேன்.

மறுநாள் கவினின் கன்னத்தில் மைப்பொட்டு பெரிதாகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் காய்ச்சல். டாக்டர் காதில் தொந்தரவு என்று மருந்து கொடுத்தார், காய்ச்சல் விட்டது. ஆனால் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, நடக்கவும் இல்லை, சும்மா சும்மா அழுகிறான் என்றாள். அதற்குப் பிறகு போனில் கவின் வரவே இல்லை. மேலே ஓடுகிற ஃபேன் தெரியும், தமிழரசியின் பாதி நெற்றி தெரியும்.

"கவின் எங்க?"

"தூங்குறான்க்கா."

தூங்குகிற பிள்ளை பக்கத்திலேயே தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவள் பிள்ளையை என் கண்ணிலிருந்து மறைக்கிறாள். கோபம் வந்தது முதலில். என்னைப் போய் இப்படி நினைத்தாளே! கொஞ்ச நேரத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. அவள் நினைத்ததில் தப்பே இல்லையே. நான் பார்த்த பார்வை எனக்குத் தெரியுமே. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால்? ஆகாமல் போனாலும், இந்த நாலு மணி இனி எனக்கு இல்லாமல் போனால்?

6

"மங்கலம்பேட்டைக்குத் தூக்கிட்டுப் போனோம்க்கா. பள்ளிவாசல்ல ஓதி ஊதுனாங்க. தேவலாம்" என்றாள் ஒரு நாள். பேச்சு இழுத்துப் பறித்து வந்தது.

பின்னாலிருந்து அஞ்சலையக்காவின் குரல் கேட்டது. "யூனிட்டுல எல்லார் காலடி மண்ணும் எடுத்துச் சுத்திப் போட்டாச்சு! கடலு தாண்டி ஒரு காலடி மண்ணுதான் பாக்கி!"

நாலு பேர் சிரித்தார்கள். "சும்மா இருக்கா நீ" என்று தமிழரசி பல்லைக் கடித்தாள். "நெட்டு சரியில்லக்கா, அப்புறமா பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யார் கண் பட்டது என்று சந்தேகமோ, அவர்கள் மிதித்த மண்ணை அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுப்பார்கள். உப்பு, மிளகாய், கடுகோடு சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி அடித்துத் தும்மல் வந்தால் கண் படவில்லை. நெடியே வரவில்லை என்றால் சரியான கண்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் கண்ணு வச்சிட்டேன்னு நெனைக்கிறாங்க, ஒங்க வூட்டுல."

"வச்சியா?" என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

நான் ரசம் ஊற்றப் போய்விட்டேன்.

7

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் அவர் கவுன்சில் கடிதத்துக்கு மரியாதை செய்ய முன்பக்கம் மோவரோடு போனார், காதில் கிண்ணங்களோடு. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

ஒரு காலை ஊன்றி அழுத்தி எடுத்தேன். புல் படுத்தது, எழுந்தது. தடமே இல்லை. இன்னொரு இடத்தில் மிதித்தேன். அதுவும் எழுந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த யார்டில் நடந்திருக்கிறேன், ஒரு சிட்டிகை மண் பெயரவில்லை. வேலியோரப் பாத்திக்குப் போனேன். மேலே மரப்பட்டைத் தூள், அதற்குக் கீழே களை வராமல் விரித்த கறுப்புத் துணி, அதுவும் நாங்களே கடையில் வாங்கி விரித்தது.

"எதையாவது தொலைத்துவிட்டாயா?" ஜூடித் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மண் வேண்டும்" என்றேன்.

நல்ல மனுஷி. செடிக்குப் போடுகிற மண் பையில் மிச்சமிருந்ததைத் தூக்கிக் கொடுத்தாள். அதைச் சிமெண்டுத் தரையில் கொட்டிப் பரப்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறுங்காலால் நடுவில் மிதித்தேன். ஐந்து விரலும் பதிந்தன. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிவதற்குச் சேலை இல்லாததால் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஜூடித் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தமிழரசியைக் கூப்பிட்டேன். ஃபேன் தெரிந்தது.

"தமிழு, கவினக் காட்டு."

"தூங்கு..."

"என் காலடி மண்ணு எடுத்துட்டேன். காட்டு."

பிறகு போன் அசைந்தது, கவின் வந்தான். கொஞ்சம் வாடியிருந்தான். கன்னத்தில் கறுப்பாக அவ்வளவு பெரிய பொட்டு. அது எனக்காக வைத்தது.

போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தேன். உப்பு, மிளகாய், கடுகு, என் மண் எல்லாவற்றையும் கையில் மூடிக்கொண்டு போனைச் சுற்றினேன். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தவள், மூன்றாவது சுற்றில் "பெரியம்மா கண்ணு" என்றேன். தமிழரசி தலை குனிந்துகொண்டாள். "துப்பச் சொல்லு" என்றேன். கவின் போன் முழுக்கத் துப்பினான்.

நெருப்புக்கு எங்கே போவது? என் அடுப்பில் தீயே கிடையாது, கண்ணாடி மட்டும்தான் சூடாகும். தோசைக்கல்லை வைத்துக் காய்ந்ததும் கொட்டினேன். மிளகாய் கறுத்துப் புகை கிளம்பியதுதான் தாமதம், கூரையில் இருக்கிற அலாரம் ஊரைக் கூட்டியது. இனியன் அலறினான். நான் ஒரு கையில் அவனைத் தூக்கிக்கொண்டு மறு கையில் துண்டை வைத்து அலாரத்துக்கு விசிறினேன். முன்பக்கம் வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் பாடிக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்தது. போனில் கவின் என் கூத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்கிறான்க்கா! நாலஞ்சு நாளா சிரிக்கவே இல்ல!" தமிழரசிக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாகச் சத்தம் நின்றது. அவள் மெதுவாகக் கேட்டாள். "நெடி அடிச்சுதாக்கா?"

அலாரத்துக்கு எட்டிய நெடி என் மூக்குக்கு எட்டவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல தமிழு" என்றேன். "கொஞ்சங்கூட இல்ல."

அவள் திட்டுவாள், அல்லது போனை வைப்பாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, நீங்க கோவிச்சிக்கக் கூடாது" என்றாள். "இனியனப் போனுகிட்ட கொண்டாங்க."

கவினை அஞ்சலையக்காவிடம் கொடுத்துவிட்டு, போனைப் பலகை அடுக்கில் நிற்க வைத்தாள். யார்டுக்கு நடுவில் போய்ச் சேலையைக் கொஞ்சம் தூக்கி, வெள்ளை மண் தூசியில் வலது காலை அழுத்தி வைத்தாள். எடுத்தாள். குனிந்து அந்தத் தடத்திலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளினாள்.

"நீ எதுக்குடி?"

"வச்ச எடத்துல ஒக்காந்து கெடக்குற புள்ளய நான் எங்கக்கா பாத்திருக்கேன்? நீங்க பாட்டுக்குச் சுத்திச் சுத்தி வேல பாக்குறீங்க, அது அசையுதா? இவன் பாதி பலக பொம்மைய ஒடைச்சுட்டான். இவன் தவழ்ந்து வந்து ஒடைக்கிறான், நான் ஒங்க கொழுந்தனார்கிட்ட பேச்சு வாங்குறேன். அங்க ஒங்க வூட்டு மாமா புள்ளயக் குளிப்பாட்டுறாங்க, சோறு ஊட்டுறாங்க. தெனம் ஒங்ககிட்ட பேசிட்டு வச்சதும் எனக்கு வயிறு எரியும்க்கா. இனியன் இன்னும் எழுந்திரிக்காம கெடக்குறதே என் கண்ணாலதான்."

இனியனைப் போனுக்கு நேராகப் பிடித்தேன். அவள் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, சித்தி கண்ணு." அஞ்சலையக்கா எங்கிருந்தோ இரும்புக் கரண்டியில் நெருப்புக் கங்கு கொண்டுவந்து வைத்தார். தமிழரசி கையிலிருந்ததை அதில் போட்டாள். எல்லாரும் குனிந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடியாத்தே!" என்றார் அஞ்சலையக்கா. "நெடியே இல்லயேடி!"

தமிழரசி முகத்தை மூடிக்கொண்டாள். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் என் பிள்ளையை நினைத்துப் பயமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம். அடக்க முடியாத சந்தோஷம். நான் இங்கே படுகிற பாட்டை, ஆறிப்போன டீயை, நாறுகிற துணியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். தினமும் பட்டிருக்கிறாள். மிளகாய் நெடிகூட வராத அளவுக்குப் பட்டிருக்கிறாள்.

"நல்லா மோந்து பாரு தமிழு" என்றேன். "கொஞ்சங்கூடவா இல்ல?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அஞ்சலக்காவ இன்னொரு தடவ பாக்கச் சொல்லு."